கதையில் நான் வைத்த சேறு

"இந்தக் கதையின் உட்பொருள் என்ன?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். கதை என்ன மருந்து அட்டையா, பின்பக்கம் திருப்பினால் எதற்கு, எத்தனை வேளை என்று அச்சடித்திருக்க? ஆனால் அதே கேள்விக்கு நானே ஒருமுறை மைக்கைப் பிடித்துக்கொண்டு பெரிய மேதாவி மாதிரி பதில் சொல்லியிருக்கிறேன். கைதட்டல்கூட வாங்கினேன். அந்தக் கதையால் என் அண்ணி செத்துப்போய்விடுவாள் என்று பதினோரு நாள் நான் பயந்து நடுங்கியதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பத்தில் இருக்கிறது. வீட்டில் நான், அம்மா, அண்ணி மூன்று பேர். நைனா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் அண்ணியும் எறா தடவப் போகிறவர்கள். இறாலை நாங்கள் எறா என்போம். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றுக்குள் விரலை விட்டுத் துழாவி, எறாவையும் நண்டையும் கையாலேயே பிடித்துக் கழுத்தில் தொங்கும் பறிக்குள் போடுகிற வேலை. பறி என்பது பனையோலையில் முடைந்த பை. எனக்குப் படிப்பு ஒட்டிக்கொண்டதால் பொன்னேரியில் ஒரு டிடிபி கடையில் டைப் அடிக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தாசில்தாருக்கு மனு, இப்படி.

ஒருநாள் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் கட்டம் போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் எழுதிய கதைகளாம், டைப் அடித்துத் தர வேண்டுமாம். அதில் ஒரு கதை. ஒரு ஊரில் ஒரு காலையில் எல்லார் வீட்டு வாசற்படியும் ஒரு சாண் உயர்ந்திருக்கிறது. ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை. காலைக் கொஞ்சம் தூக்கி வைத்துத் தாண்டிப் போகிறார்கள். மறுநாள் இன்னொரு சாண். அதற்கும் பழகிக்கொள்கிறார்கள். ஏணி வாங்குகிறார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களை ஏணி பிடித்து ஏற்றிவிடுகிறார்கள். கடைசியில் படிக்கு அந்தப்பக்கம் இருப்பவர் யார் என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

அதை அடித்து முடித்தபோது எனக்கு மூச்சு முட்டியது. நல்ல பகல் வெளிச்சம், மேலே ஃபேன் ஓடுகிறது, பக்கத்தில் ஜெராக்ஸ் மிஷின் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது, நான் மட்டும் வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். சேவ் பண்ணக்கூட மறந்துவிட்டேன். கரன்ட் போய், மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டியதாயிற்று.

ஏனென்றால் அது எங்கள் வீடு. அப்படியே எங்கள் வீடு.

எட்டு வருஷத்துக்கு முன்னால், அண்ணி கல்யாணமாகி வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, அண்ணன் போன ஃபைபர் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. ஏரித் தண்ணீர் கடலுக்குள் இறங்குகிற இடம் அது. படகில் மூன்று பேர். இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அண்ணன் வரவில்லை. நாலு நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காத வீட்டில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. செத்துவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது. பெற்றவளாவது கட்டினவளாவது தன் வாயால் "அவன் இல்லை" என்று சொல்ல வேண்டும். அதுவரை காரியம் கிடையாது, மாலை போட்ட போட்டோ கிடையாது, மனைவி வளையலைக் கழற்றுவது கிடையாது. அக்கம்பக்கத்தார்கூட "அவரு வந்தா" என்றுதான் பேசுவார்கள். முதல் மாதம் அதில் ஒரு கருணை இருந்தது, மறுக்க மாட்டேன். எட்டு வருஷம் ஆனபோது அது கருணையா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா வாய் திறக்கவில்லை. அண்ணியும் திறக்கவில்லை. நான் தங்கச்சி, எனக்குச் சொல்லும் உரிமை இல்லை. மூன்று பேரும் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிக்கொண்டிருந்தோம்.

அதற்கப்புறம் அந்த மாதிரிக் கதைகளாகத் தேடித் தேடிப் படித்தேன். திருப்பாலைவனம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் போதும். கனவு மாதிரி, தலையும் வாலும் புரியாமல், ஆனால் படித்து முடித்ததும் நெஞ்சில் எதுவோ உட்கார்ந்துகொள்கிற கதைகள். அப்படி என்ன இருக்கிறது அதில் என்று கடை முதலாளி கேலி செய்வார். நான் பிறவிக் கவலைக்காரி. சாதாரணக் கதை படித்தால், ஐயோ அடுத்து என்ன ஆகுமோ, அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வருமோ, பஸ் கவிழுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கும். இந்தக் கதைகளில் நடக்கக் கூடாதது முதல் வரியிலேயே நடந்து முடிந்துவிடும். அப்புறம் எல்லாரும் உலை வைப்பார்கள், துணி துவைப்பார்கள். எனக்கு அதுதான் நிம்மதியாக இருந்தது. நேராகச் சொன்னால் தொண்டையில் மாட்டிக்கொள்ளும் ஒன்றைக் கோணலாகச் சொன்னால் சொல்லிவிட முடிகிறது. இதை நான் கண்டுபிடித்தபோது எனக்கு ஏதோ திருட்டுச் சாவி கிடைத்த மாதிரி இருந்தது.

நானும் ஒன்று எழுதினேன்.

எறா தடவப் போன ஒருத்தியின் கையைச் சேற்றுக்குள் இருந்து ஒரு கை பிடித்துக்கொள்கிறது. இழுக்கவில்லை, வலிக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறது. அவள் கத்தவில்லை. "இன்னிக்கு வர நேரமாவும்" என்று மற்றவர்களிடம் சொல்லி அனுப்புகிறாள். தண்ணீர் கழுத்துவரை ஏறுகிறது, வற்றுகிறது, மறுபடி ஏறுகிறது. ஊர்க்காரர்கள் சோறு கொண்டுவந்து ஊட்டுகிறார்கள். தலைக்கு மேல் ஓலைப் பந்தல் போடுகிறார்கள். அதிகாரிகள் வந்து அளந்து, பக்கத்தில் ஒரு போர்டு நடுகிறார்கள். யாரும் அந்தக் கையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. மழைக்காலம் வருகிறது, வெளிநாட்டுப் பறவைகள் அவள் தோளில் உட்கார்ந்துவிட்டுப் போகின்றன. அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

எல்லாமே கற்பனை. சேறு மட்டும் நிஜம். எவ்வளவுதான் கனவு மாதிரி எழுதினாலும் கால் ஊன்ற ஓரிடம் வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அதனால் சின்ன வயதில் கோடை லீவில் அம்மாவோடு போய்த் தடவிய ஒரு இடத்துச் சேற்றை அப்படியே எடுத்து வைத்தேன். மேலே ஒரு விரற்கடை வழவழச் சேறு, அதற்கடியில் நொறுங்கிய சிப்பி, சிப்பிக்கும் அடியில் கை பட்டால் சில்லிடும் மணல். ஒரே ஒரு வரி.

சென்னையில் ஒரு சிறுபத்திரிகை அதைப் போட்டது. அவர்கள் வைத்த கூட்டத்துக்கும் கூப்பிட்டார்கள். அங்கேதான் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து உட்பொருள் கேட்டார். "அந்தக் கை எங்கள் ஏரி. வாழவும் விடாது, விட்டுப் போகவும் விடாது" என்றேன். சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது. கைதட்டினார்கள், வடை கொடுத்தார்கள், பஸ் பிடித்து வந்துவிட்டேன். பத்திரிகையை வீட்டில் என் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஏன் ஒளிக்கிறாய் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடத்தோடு உள்ளே வருகிறேன், அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அண்ணி எட்டாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டி, உதடு அசைய, நிதானமாகப் படிப்பாள். அவசரப்படுத்தினால் திட்டுவாள். நான் குடத்தை இறக்காமலே நின்றேன்.

"இத நீதான் எழுதினியா?"

"ஆமா அண்ணி. சும்மா ஒரு கதை."

"இந்த எடம் முகத்துவாரத்தாண்ட கீற சிப்பித்திட்டு தானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சென்னையில் அத்தனை பேர் படித்தார்கள். ஏரி என்றார்கள், அரசியல் என்றார்கள், பெண் என்றார்கள். ஒருத்தர்கூட எந்த இடம் என்று கேட்கவில்லை. அண்ணி சேற்றைப் படித்திருக்கிறாள். எறா தடவுகிறவர்களுக்குத் தண்ணீருக்கு மேலே அடையாளம் ஏது? கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டாலே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்வார்கள்.

"ஏரி பூரா களிதான். மேல சேறு, நடுவுல சிப்பி, கீழ மணலு, மூணும் ஒண்ணா கீறது அந்தத் திட்டுக்கு அந்தாண்ட, ஓடையோரத்துலதான். வேற எங்கயும் கெடையாது" என்றாள். பிறகு பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "அவுரு படகு கவுந்த எடம்" என்றாள்.

உண்மையாகவே எனக்கு அந்த நிமிஷம்வரை அது உறைக்கவில்லை. லீவில் போன இடம் என்றுதான் எழுதினேன். இப்படிச் சொன்னால் நம்புவீர்களா? அண்ணி நம்பினாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் அங்கதான் போவப் போறேன்" என்றாள்.

அந்த ஓடை இப்போது ஆழமாகிவிட்டது. தண்ணீர் வற்றும்போது கடலைப் பார்த்து இழுக்கிற இழுப்பில் பெரிய ஆம்பிளைகளே கால் ஊன்ற மாட்டார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போவதை விட்டு வருஷக்கணக்காகிறது. என் கதையை நம்பி அண்ணி அங்கே போய்க் குனிந்தாள் என்றால், அண்ணனைக் கொண்டுபோன தண்ணீர் அவளையும் கொண்டுபோகும். என் வாயில் சட்டென்று ஒரு பொய் வந்தது.

"ஐயோ அண்ணி, அது அங்க இல்ல. பசியாவரத்தாண்ட. சின்ன வயசுல அம்மா என்னைக் கூட்டினு போச்சே, அந்த எடம்."

"பசியாவரத்தாண்டயா?"

"ஆமா."

"அங்க சிப்பி கீதா?"

"கீது அண்ணி. நான் தடவியிருக்கேனே."

அண்ணி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "சரி, அங்கயே போறேன்" என்றாள்.

பசியாவரத்துப் பக்கம் தண்ணீர் நெஞ்சுக்கு மேல் ஏறாது. கூட்டமாகப் பெண்கள் போகிற இடம். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த அப்பாடா மறுநாள் காலை பஸ் ஏறுவதற்குள் தீர்ந்துவிட்டது. போகிற வழியில் அண்ணி மனசு மாறினால்? படகுக்காரரிடம் சிப்பித்திட்டில் இறக்கிவிடச் சொன்னால்? அண்ணி எதையும் இரண்டு முறை சொல்கிற ஆள் இல்லை. நினைத்தால் செய்துவிடுவாள்.

கடையில் வேலை ஓடவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் என்று வரவேண்டிய இடத்தில் முகத்துவாரம் என்று அடித்துவிட்டேன். நல்லவேளை, முதலாளி பார்த்துவிட்டார், இல்லையென்றால் அந்தக் கல்யாணமே அலங்கோலம். மணிக்கொரு தரம் அண்ணிக்குப் போன் போடுவேன். போன் படகில் பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கும், எடுக்க மாட்டாள் என்று தெரியும், தெரிந்தும் போடுவேன். மத்தியானம் அவளே திருப்பிக் கூப்பிட்டு, "இன்னாமே, எதுக்கு இத்தினி மிஸ்டுகால்?" என்பாள். "ஒண்ணுமில்ல அண்ணி, ஊட்ல புளி கீதான்னு கேக்கத்தான்" என்பேன். நாலு நாள் புளி கேட்டேன். ஐந்தாம் நாள் அவளே, "புளி கீது, உப்பு கீது, மொளகாத்தூளும் கீது, வேற இன்னா?" என்று எடுத்தவுடன் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் நகத்தைப் பார்ப்பேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே உளவு. நகக்கண்ணில் கறுப்புக் களி இருந்தால் பசியாவரம், ஆபத்தில்லை. வெள்ளை மணல் இருந்தால் முடிந்தது கதை. அவள் சோறு போடும்போது பார்ப்பேன், தலை சீவும்போது பார்ப்பேன். "இன்னாத்தப் பாக்கற?" என்று ஒருநாள் அதட்டினாள். "நகம் வெட்டலியான்னு பாத்தேன்" என்று உளறினேன். பத்து நாளும் கறுப்புக் களிதான். பத்து நாளும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஒரு கதை எழுதிவிட்டு அதற்குக் காவல் காக்க வேண்டிவரும் என்று எவள் கண்டாள்?

இதில் எனக்கு என்மேலேயே ஒரு எரிச்சல். "அது வெறும் கதை, அப்படி ஒரு கை கிடையாது" என்று அடித்துச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் அடுத்த வார்த்தை அண்ணனைப் பற்றி வரும். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் சாயங்காலம் அண்ணி தட்டை நீட்டியபோது அவள் விரல் நுனியெல்லாம் பொடிப்பொடியாகக் கீறல். சிப்பிக் கீறல். நகக்கண்ணில் வெள்ளை மணல்.

"அங்க போனியா அண்ணி?"

"போனேன். திட்டாண்டயே தடவிப் பாத்துட்டு வந்தேன். நாளைக்கு ஓடையோரம் எறங்கப் போறேன்."

"பைத்தியமா புடிச்சிகீது ஒனக்கு?" என்று கத்திவிட்டேன். தட்டு உருண்டது. "அது கதை அண்ணி! நானா எழுதுனது! கையும் கெடையாது காலும் கெடையாது!"

"தெரியும். கத்தாத, தெருவே பாக்குது" என்றாள் அண்ணி. சிந்திய சோற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "நீயும் வர்றதுன்னா வா."

காலையில் வாசலுக்கு வந்தபோது அண்ணியின் பறிக்குப் பக்கத்தில் இன்னொரு பறி இருந்தது. அம்மாவுடையது. அம்மாதான் எனக்காக எடுத்து வைத்திருந்தாள். கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அண்ணி எப்போதும்போல் சேலைக்கு மேலே அண்ணனின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். வலை எடுக்கப் போகிற பக்கத்து வீட்டு மாமா எங்களைத் திட்டில் இறக்கிவிட்டார். "தண்ணி வத்திகினு கீது, ஓடையாண்ட போவாதீங்க, உஷாரு. ரெண்டு மணி நேரத்துல வந்துர்றேன்" என்றார். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவரும் கேட்கவில்லை.

நான் தண்ணீரில் இறங்கிப் பல வருஷம் ஆகிறது. கீபோர்டு தட்டிய விரல், சிப்பி குத்தும்போதெல்லாம் உயிர் போனது. அண்ணி எனக்கு முன்னால், ஓடையைப் பார்த்து, குனிந்து தடவிக்கொண்டே போனாள். அவசரமில்லாமல், ஒரு அடி இடம் விடாமல், தினமும் செய்கிற வேலையைப் போலவே. ஒரு நண்டு கிடைத்தது. அதைக்கூட எடுத்துப் பறிக்குள் போட்டாள். தண்ணீர் என் முழங்காலைக் கடல் பக்கம் இழுத்தது. இன்னும் பத்து அடி, அப்புறம் ஓடை. எட்டிப் போய் அவள் சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"போதும் அண்ணி. ஒன் கால்ல வுழறேன், போதும்."

அண்ணி நின்றாள். நிமிரவில்லை, கை சேற்றுக்குள்ளேயே இருந்தது.

"ஒண்ணு கேக்கணும். அந்தப் பொம்பள யாரு கைன்னு தடவிப் பாக்கவே இல்லியே, ஏன்? இத்தினி வருசம் எறா தடவறவ. ஆண் எறாவா பொண் எறாவான்னு வெரலாலயே சொல்லுவா. ஒரு ஆளோட கைய அவளுக்குத் தெரியாதா? உங்க அண்ணனுக்குச் சுண்டு வெரலு பாதிதான். கயிறு அறுத்தது. ஒரே ஒரு தடவு தடவியிருந்தா தெரிஞ்சிருக்குமே. நீ ஏன் தடவ வுடல?"

சென்னையில் யாரும் என்னை இப்படிக் கேட்கவில்லை. ஏரி, வாழ்க்கை, விட்டுப் போக முடியாமை என்று நான் அளந்ததெல்லாம் அந்தத் தண்ணீரோடு போயிற்று. அவ்வளவு பெரிய உட்பொருளை வைத்து நான் மூடியிருந்தது அரை விரல் நீளம்தான்.

"பயம் அண்ணி" என்றேன். "தடவியிருந்தா தெரிஞ்சிரும். அதான்."

"ம்."

"இன்னொண்ணும் சொல்லணும். பசியாவரம்னு சொன்னது பொய்."

அண்ணி இப்போது நிமிர்ந்தாள். சேற்றுக் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபம்தான். ஆனால் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை.

"மொத நாளே தெரியும். பசியாவரத்தாண்ட வெரல வுட்டா முழங்கை வரிக்கும் களி. அங்க ஏது சிப்பி? நான் இன்னா நேத்து பொறந்தவளா?"

"அப்புறம் ஏன் பத்து நாளு அங்க போன?"

"நீ வந்து சொல்லுவேன்னு பாத்தேன். தெனம் போன் பண்ற, தெனம் நகத்தப் பாக்கற, புளி கேக்கற. வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கற." அவள் குரல் உடைந்தது. "கதைன்னு எழுதுன பாரு, அதுல நெசத்தச் சொல்லிட்ட. என் மூஞ்சியப் பாத்துப் பேசும்போது பீலா வுடற. எட்டு வருசமா இந்த ஊட்ல அல்லாருமே எனக்கு பீலா வுட்டுகினு கீறீங்க. அத்த அவுருக்குச் சட்டை மடிச்சு வெக்குது. நானும் போட்டுகினு திரியறேன். அத்தைக்காவ நான் வாயத் தொறக்கல. புள்ள செத்துட்டான்னு மருமவ சொல்லி மாமியா கேக்கணுமா? அந்தப் பாவம் எனக்கு வாணாம்னு கெடந்தேன். நீ எழுதினத படிச்சதும், யப்பா, ஒருத்தியாவது அவுரு அங்கதான் கீறாருன்னு சொல்றாளேன்னு இருந்துச்சி. அதான் வந்தேன். சாவறதுக்கு வரல. நீ வந்து என்னாண்ட அத வாயால சொல்லணும்னு வந்தேன்."

எனக்கு அந்த உரிமை இல்லை. பெற்றவளும் இல்லை, கட்டினவளும் இல்லை. ஆனால் முழங்கால் அளவு தண்ணீரில் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உரிமையாவது ஒன்றாவது.

"அண்ணன் செத்துப்போச்சி அண்ணி" என்றேன். "இனிமே வராது."

அவ்வளவு சின்ன வாக்கியம். அதைச் சொல்வதற்கு எனக்கு எட்டு வருஷமும், பந்தலும் பறவையும் போர்டும் வைத்து ஒரு கதையும் தேவைப்பட்டிருக்கிறது. அண்ணி தண்ணீரில் கையை அலசினாள். என் தோளைப் பிடித்துத் திட்டுக்குத் திருப்பினாள். மாமாவின் படகு வரும்வரை இரண்டு பேரும் சிப்பி மேல் உட்கார்ந்திருந்தோம்.

படகில் வரும்போது, கரை தெரிய ஆரம்பித்ததும் கேட்டாள். "அத்தையாண்ட நீ சொல்லுவியா? இல்ல, அதுக்கும் ஒரு கதை எழுதி, அப்பால நான்தான் எடத்தக் கண்டுபுடிக்கணுமா?"

அவள் கேலிதான் செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா கரையில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா ஒருநாளும் எங்களுக்காகக் கரைக்கு வந்து நின்றதில்லை. நாங்கள் இரண்டு பேரும் படகில் இருக்கிறோமா என்று அவள் எண்ணிப் பார்த்தது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. இறங்கியதும், பயம் வந்து வாயை அடைப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நேராக அவளிடம் போனேன்.

"அம்மா, அண்ணன் இனிமே வராதும்மா."

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்குத் தெரியாதாடி? அன்னிக்கே தெரியும். இவ சின்னப் பொண்ணு, தாங்க மாட்டாளேன்னுதான் நான் வாயத் தொறக்கல."

அண்ணி கழுத்தில் பறியோடு அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை. எட்டு வருஷமாக, அம்மாவுக்காக அவளும், அவளுக்காக அம்மாவும். அம்மா குனிந்து, முதலில் அவள் கழுத்திலிருந்த பறியைக் கழற்றித் தரையில் வைத்தாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, என் அண்ணன் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள்.